மறுதொடக்கம் தேவை: கணினி அறிவிப்பு ஒன்றின் இலக்கணம்

பாதுகாப்பு மென்பொருளின் புதிய பதிப்பு கணினியில் வந்து இறங்கியதும் ‘மறுதொடக்கம் தேவை’ என்னும் அறிவிப்புத் திரையின் ஓரத்தில் எழுவதை ஆசிரியரும் மாணவரும் நன்கு அறிவர். அறிந்தும், ‘பின்னர்’ என்னும் பொத்தானை அழுத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்வதே பலரின் வழக்கம். பாடம் நடந்துகொண்டிருக்கையில் வகுப்பறைத் திரையை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க எந்த ஆசிரியர்தாம் விரும்புவார்? ஆயினும் அந்தப் ‘பின்னர்’ நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் நீளும்போது, காவல் இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் கணினி காவலின்றி நிற்கிறது. இதற்குப் பயனரின் அலட்சியத்தை மட்டும் காரணமாகக் கூறுவது முறையன்று. அறிவிப்பின் மொழிக்கும், அவ்வறிவிப்பு யாருக்கு எப்போது செல்கிறது என்னும் ஏற்பாட்டிற்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பதே நமது கருத்து.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘எண்ட்பாயிண்ட்’ என்று வழங்குவது, ஒரு வலையமைப்பின் கடைசி முனையில் மனிதர் கையாளும் கருவியை: மேசைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி ஆகியவற்றை. இதனை ‘முனையம்’ என்று மொழிபெயர்ப்போர் உளர். சிங்கப்பூரில் ‘முனையம்’ என்றதும் சாங்கி விமான நிலையமே நினைவுக்கு வரும்; ‘முனையப் பாதுகாப்பு’ என்றால் பயணப்பெட்டியைச் சோதிக்கும் அதிகாரியைத்தான் மாணவர் கற்பனை செய்வார். எனவே இக்கட்டுரையில் ‘முனைக்கருவி’ என்றே ஆள்வோம். ‘ரீபூட்’ என்னும் ஒலிபெயர்ப்பும் நமக்கு உவப்பானதன்று. அதைக் கேட்கும் தமிழ்ச்செவிக்குள் ‘பூட்டு’ புகுந்துவிடுகிறது. நாம் செய்யச் சொல்வதோ திறக்கும் வேலை.

காவலன் ஏன் கண்ணயர வேண்டும்?

மறுதொடக்கம் எதற்கு என்று விளங்காதவரிடம் அதனை வற்புறுத்துவதில் பயனில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் கோப்புகளை விண்டோஸ் இயங்குதளம் பொதுவாக மாற்ற விடுவதில்லை. ஓடும் பேருந்தின் சக்கரத்தைக் கழற்ற இயலாததுபோல, பயன்பாட்டில் உள்ள கோப்பின் இடத்தில் புதிய கோப்பை வைக்க இயலாது. ஆகவே நிறுவும் நிரல் புதிய கோப்பை அருகில் வைத்துவிட்டு, ‘அடுத்த முறை தொடங்கும்போது இதை அதன் இடத்தில் வை’ என்று இயங்குதளத்திடம் ஒரு குறிப்பு எழுதிக்கொடுக்கிறது. இயங்குதளத்தின் பதிவகத்தில் இதற்கென்றே ஓரிடம் உண்டு. கணினி மீண்டும் எழும்போது, பிற நிரல்கள் விழித்துக்கொள்ளுமுன் அந்தப் பெயர்மாற்றம் நடந்தேறும். லினக்ஸ் குடும்பத்தில் கோப்பை உடனே மாற்றிவிடலாம். எனினும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தான் பிடித்திருக்கும் பழைய வடிவத்தையே விடாமல் பயன்படுத்தும். அங்கும் மறுதொடக்கத்திற்கு முழுவிலக்கு இல்லை.

பாதுகாப்பு மென்பொருளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது மற்ற நிரல்களைக் கண்காணிக்க வேண்டியிருப்பதால், இயங்குதளத்தின் கருவகத்திற்குள் இயக்கி நிரல் ஒன்றை அமர்த்துகிறது. அவ்வியக்கி, கணினி எழும் தொடக்க நொடிகளிலேயே ஏறி அமர்கிறது. அது மாறும்போது கணினி ஒருமுறை தூங்கி எழுந்தாக வேண்டும். அன்றாடம் வரும் நச்சுநிரல் அடையாளப் பட்டியலுக்கு மறுதொடக்கம் வேண்டியதில்லை. மென்பொருளின் பதிப்பே மாறும்போதும், பழைய பாதுகாப்பு மென்பொருளை நீக்கிப் புதியதை நிறுவும்போதும், இயங்கிக்கொண்டிருக்கும் தீநிரலின் கோப்பை அகற்றும்போதும்தான் பெரும்பாலும் அது தேவைப்படுகிறது. இவ்வேறுபாட்டை அறிவிப்புகள் சொல்வதில்லை. சிறு காரணத்திற்கும் பெருங்காரணத்திற்கும் ஒரே வாசகம் வருவதால், பயனர் எல்லாவற்றையும் சிறுகாரணமாகவே எடுத்துக்கொள்கிறார்.

‘மாலைதோறும் கணினியை மூடிவிட்டுத்தானே வீட்டுக்குச் செல்கிறோம், அதுவும் மறுதொடக்கமன்றோ?’ என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விண்டோஸ் 8 முதல் ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதி வந்துள்ளது. அது இயக்கத்தில் உள்ள கணினிகளில் ‘மூடு’ என்று அழுத்தினால் கருவகம் முழுமையாக அணைவதில்லை. அதன் நிலை வட்டில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ‘மறுதொடங்கு’ என்று அழுத்தினால் மட்டுமே கருவகம் புதிதாக எழுகிறது. ஆக, அன்றாடம் மூடித் திறக்கும் கணினியும் வாரக்கணக்கில் மறுதொடங்காமல் இருக்கக்கூடும். ‘மூடுதல்’, ‘உறங்குதல்’, ‘மறுதொடங்குதல்’ என்னும் மூன்று சொற்களும் இங்கே மூன்று வெவ்வேறு வினைகள். ஒருபொருட்பன்மொழியாக அவற்றைக் கொள்ளலாகாது.

தாமதத்தின் விலையை 2017ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் பரவத் தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அது, பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகளையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் வெளியான நாளுக்கும் அது ஒரு கணினியில் உண்மையாகவே செயற்படத் தொடங்கும் நாளுக்கும் இடையே உள்ள காலமே தாக்குவோர் நுழையும் வாயில். மறுதொடக்கத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்த வாயிலை ஒரு நாள் கூடுதலாகத் திறந்துவைக்கிறது.

மறுதலையாக, 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான தரவுக்கோப்பு ஒன்று, மறுதொடக்கம் எதுவும் கேளாமலேயே உள்ளே நுழைந்து, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிலைகுலையச் செய்தது. அது மைக்ரோசாஃப்ட் தந்த மதிப்பீடு. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்தன. அதன்பின் சிலருக்கு மறுதொடக்கம் என்றாலே அச்சம். அணைத்தால் எழாதோ என்று தயங்குகின்றனர். அவ்வச்சத்தையும் நாம் கணக்கில் கொள்ளவேண்டும். வெற்று ‘மறுதொடக்கம் தேவை’ அதனைத் தணிப்பதில்லை.

பெயர்ச்சொல் மறைப்பதும் வினைமுற்று காட்டுவதும்

இனி மொழிக்கு வருவோம். ‘மறுதொடக்கம் தேவை’ என்னும் தொடரில் வினைமுற்று இல்லை. தமிழ் வினைமுற்றின் பெருமை, அது ஒரே சொல்லில் காலத்தையும் திணை, பால், எண், இடத்தையும் காட்டுவது. தொழிற்பெயராக்கியதும் அவை யாவும் உதிர்ந்துவிடுகின்றன. மறுதொடங்குவது யார்? எப்போது? தேவைப்படுவது யாருக்கு? கணினிக்கா, பயனருக்கா, நிறுவனத்திற்கா? ஒன்றிற்கும் விடையில்லை. ஆங்கில அறிவிப்பும் இத்தகைய சுருக்கம்தான். ஆனால் அச்சுருக்கத்தைத் தமிழில் அப்படியே வார்க்கும்போது, தமிழ் இயல்பாகத் தரக்கூடிய தெளிவை நாமே களைந்துவிடுகிறோம்.

‘மறுதொடக்கம் செய்ய வேண்டும்’ என்று எழுதினால் தீருமா? ‘வேண்டும்’ என்பது வழுக்கலான சொல். ‘எனக்கு ஒரு புத்தகம் வேண்டும்’ என்றால் விருப்பம். ‘நீங்கள் செல்ல வேண்டும்’ என்றால் கடமை. எழுவாயைத் தொகுத்துவிட்டால், செய்ய வேண்டியவர் தாமா, கணினியா, பள்ளியின் தொழில்நுட்பப் பிரிவா என்பது படிப்பவரின் ஊகத்திற்கு விடப்படுகிறது. ஊகிக்க வேண்டியிருக்கும் இடத்தில், பிறர் செய்வார் என்றே மனித மனம் ஊகிக்கும்.

‘தொடங்கு’ என்னும் வினை நமக்குக் கைகொடுக்கிறது. ‘மழை தொடங்கியது’ என்று செயப்படுபொருள் இன்றியும், ‘ஆசிரியர் பாடத்தைத் தொடங்கினார்’ என்று செயப்படுபொருளோடும் அது வரும். ஆகவே ‘கணினி மறுதொடங்கும்’ என்றால் தானே நடப்பது. ‘கணினியை மறுதொடங்குங்கள்’ என்றால் பயனர் செய்வது. வேறுபாட்டைச் சுமப்பது ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு ஒன்றே. ‘கணினி மறுதொடக்கம்’ என்று தொகையாக்கினால் அந்த ஒற்றை எழுத்தும் போய்விடும். (‘மறு’ என்பதற்கு மறுத்தல் என்னும் பொருளும் உண்டு. பயனர்கள் அப்பொருளையே கடைப்பிடிக்கின்றனர் போலும்.)

காலம் குறித்த மயக்கம் இன்னும் கடுமையானது. ‘கணினி 15 நிமிடத்தில் மறுதொடங்கும்’ என்னும் அறிவிப்பைக் காண்க. ‘பத்து நாளில் வீட்டைக் கட்டி முடித்தார்’ என்பதில் ‘இல்’ உருபு காலத்தின் உள்ளெல்லையைக் குறிக்கிறது. ‘பத்து நாளில் ஊருக்குப் போகிறேன்’ என்பதிலோ பத்து நாள் கழிந்த பின் என்றே கொள்கிறோம். அப்படியாயின் 15 நிமிடத்தில் என்றால், இந்த நொடி முதல் எப்போது வேண்டுமானாலும் நிகழலாமா, 15 நிமிடம் முழுதும் நமக்கு உண்டா? தேர்வுத்தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவருக்கு இது இலக்கண விளையாட்டன்று. பயனருக்குத் தரும் கெடுவாயின் ‘15 நிமிடங்களுக்குள் மறுதொடங்குங்கள்’ என்றும், கணினி தானே செய்வதாயின் ‘15 நிமிடங்களுக்குப் பிறகு மறுதொடங்கும்’ என்றும் பிரித்தெழுதல் வேண்டும். அதனினும் சிறந்தது ‘மாலை 5.30 மணிக்கு’ என்று கடிகார நேரத்தையே குறிப்பது. அறிவிப்புத் தோன்றிய கணத்தில் பயனர் இருக்கையில் இல்லாமற்போனாலும் அது பொய்யாகாது.

எண்ணை நிரலே நிரப்பும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. ‘1 நிமிடங்களுக்குப் பிறகு’ என்று வந்து நிற்கும். இதற்கு ஆங்கிலத்தைப் பின்பற்றி ஒருமைக்கு ஒன்றும் பன்மைக்கு ஒன்றுமாக வாசகம் எழுதிவைப்போர் உண்டு. தமிழில் பால்பகா அஃறிணைப் பெயர் என்னும் வசதி இருக்கிறது. ‘1 நிமிடத்துக்குப் பிறகு’, ‘15 நிமிடத்துக்குப் பிறகு’ என இரண்டும் வழுவற்ற தமிழே. மென்பொருளின் பெயரை நிரப்பும் இடத்தில் வேற்றுமை உருபை ஒட்டினால் ‘டிஃபெண்டர்ஐ’ போன்ற உருவங்கள் பிறக்கின்றன. புணர்ச்சி விதியை நிரலுக்குக் கற்பிக்க முயல்வதைவிட, நம் இலக்கணத்தின் இருபெயரொட்டைப் பயன்படுத்தலாம். சாரைப்பாம்பு என்பதுபோல் ‘டிஃபெண்டர் மென்பொருளை’ என்று எழுதிவிட்டால், எந்தப் பெயர் வந்தாலும் உருபு ‘மென்பொருள்’ என்னும் நிலையான சொல்லோடு மட்டுமே புணரும்.

பொத்தான்களில் ‘மறுதொடங்கு’, ‘நினைவூட்டு’ என ஏவல் ஒருமை வருவது மரியாதைக் குறைவு என்று தமிழாசிரியர்கள் சிலர் குறைகூறக் கேட்டிருக்கிறோம். இங்கே பேசுவோர் யார் என்று பார்த்தல் வேண்டும். அறிவிப்பு வாசகம் கணினி பயனரிடம் பேசுவது. ஆகவே ‘சேமித்துக்கொள்ளுங்கள்’ என்னும் பன்மை அங்கே பொருந்தும். பொத்தானோ பயனர் கணினிக்கு இடும் ஆணை. இயந்திரத்தை ‘மறுதொடங்குங்கள்’ என்று வேண்டிக்கொள்ளத் தேவையில்லை. இரண்டையும் ஒரே வடிவில் எழுதினால்தான் குழப்பம். ‘மறுதொடங்குக’ என்னும் வியங்கோள் அழகானது, மூவிடத்திற்கும் பொதுவானது. அப்பொதுமையே இங்கு அதன் குறை. சுவரில் ஒட்டும் பலகைக்கு அது தகும். இருவர் உரையாடலுக்குத் தகாது.

‘பின்னர்’ என்னும் பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். அதற்கு எல்லை இல்லை. ‘தள்ளிப்போடுதல்’ என்பதும் ‘ஒத்திவைத்தல்’ என்பதும் ஒன்றல்ல. நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்கும்போது மறுநாள் குறிக்கிறது. சோம்பேறி வேலையைத் தள்ளிப்போடும்போது குறிப்பதில்லை. ‘பிற்பகல் 2 மணிக்கு ஒத்திவை’ என்று எழுதிய பொத்தான், பயனரிடம் ஒரு வாக்குறுதியை வாங்கிவிடுகிறது.

கேட்போர் யார், எப்போது?

வாசகம் செம்மையாயினும் அது தவறான ஆளிடம் சென்றால் வீண். பள்ளியின் கணினிக்கூடத்தில், அந்நேரம் அமர்ந்திருக்கும் மாணவரிடம்தான் அறிவிப்பு பேசுகிறது. கணினியின் பொறுப்பு அவருடையதன்று. அவருக்கு அது இடையூறு மட்டுமே. வலையமைப்பின் பொதுச்சேவைக் கணினி ஒன்றன் முன் யாருமே இல்லாதபோதும் அறிவிப்பு எழுந்து, படிப்பாரின்றி நிற்கிறது. இத்தகைய இடங்களில் அறிவிப்பை அடக்கிவிட்டு, ஆளில்லா நேரத்தில் மறுதொடங்குமாறு நிர்வாகி ஏற்பாடு செய்வதே முறை. ஆசிரியர் தம் பொறுப்பில் வைத்திருக்கும் மடிக்கணினிக்கோ அறிவிப்பு கட்டாயம் வேண்டும்.

ஈண்டு ஒரு பிழையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். பாதுகாப்பு மென்பொருளின் நிர்வாகப் பலகையில் அறிவிப்பைக் காட்டுவது ஓர் அமைப்பு. மறுதொடக்கத்தை நிகழ்த்துவது வேறோர் அமைப்பு. தேர்வு வாரத்தில் ‘அறிவிப்புகள் தொல்லை தருகின்றன’ என்று ஆசிரியர்கள் முறையிட, நிர்வாகி அறிவிப்பை மட்டும் அணைக்கக்கூடும். கெடு வந்ததும் கணினி சொல்லாமலே மறுதொடங்கிவிடும். வாயைக் கட்டினோம், கையைக் கட்டவில்லை. இதற்கு நேர்மாறாக, மறுதொடக்கத்தை நிறுத்திவிட்டு அறிவிப்பை மட்டும் விட்டுவைத்தால், அது நாடோறும் கத்தி ஓய்ந்து, உண்மையான எச்சரிக்கையையும் பொருட்படுத்தாத பழக்கத்தை வளர்த்துவிடும். தேர்வுக்காலத்தில் இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். எந்நாளில் மீண்டும் தொடங்கும் என்பதையும் அன்றே குறித்துவைக்க வேண்டும்.

நேரத்தைக் காக்கும் வசதி இயங்குதளத்திலேயே உண்டு. விண்டோஸ் 10இல் 2016ஆம் ஆண்டு ‘பணி நேரம்’ என்னும் அமைப்பு வந்தது. தொடக்கநிலையில் அது காலை 8 முதல் மாலை 5 வரை. அந்நேரத்தில் இயங்குதளம் தன் திருத்தங்களுக்காகத் தானே மறுதொடங்காது. மாலையில் தமிழ் நிறைவகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு இந்த எல்லை போதாது. இதனை 18 மணி நேரம் வரை நீட்டலாம். தனியே நிறுவிய பாதுகாப்பு மென்பொருள் தன் சொந்த அட்டவணைப்படி நடப்பதும் உண்டு என்பதை மறக்கலாகாது. நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட்டின் மேலாண்மைக் கருவி ஒன்றில், மறுதொடக்கத்திற்கு 90 நிமிடம் முன்னதாகத் தற்காலிக அறிவிப்பும், கடைசி 15 நிமிடத்தில் பயனர் மூட இயலாத கட்டமும் தோன்றும் என்பது தொடக்கநிலை. இந்தப் படிநிலை அறிவுடையது. ஒவ்வொரு படியிலும் மொழியின் தொனியும் மாற வேண்டும் என்பதே நாம் சேர்க்க விரும்புவது.

முதற்படிக்கு நாம் பரிந்துரைக்கும் வாசகம் இது: ‘பள்ளித் தொழில்நுட்பப் பிரிவின் அறிவிப்பு. பாதுகாப்பு மென்பொருளின் புதிய பதிப்பு வந்துள்ளது. கணினியை மறுதொடங்கினால்தான் அது காவலைத் தொடங்கும். இன்று மாலை 5.30 மணிக்குள் மறுதொடங்குங்கள். இல்லையேல் அந்நேரத்தில் கணினி தானே மறுதொடங்கும். சேமிக்காத வேலை அழிந்துவிடும்.’ சொல்பவர் பெயர் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. ‘உங்கள் கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது’ என்று மிரட்டும் போலி அறிவிப்புகளும் இதே மூலையில் எழுகின்றன. செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ளும் அறிவிப்பை அவற்றினின்று பிரித்தறிவது கடினம். ‘மறுதொடங்கினால்தான்’ என்பதில் உள்ள ‘தான்’ என்னும் இடைச்சொல், அதுவரை காவல் இல்லை என்பதை ஒரு தனி வாக்கியமின்றியே உணர்த்துகிறது. இவ்வாசகத்தை வகுப்பில் கொடுத்து, ஒவ்வொரு வினைமுற்றுக்கும் எழுவாய் எது என்று மாணவரைக் கேட்கலாம். இலக்கணப் பயிற்சியும் ஆகும், கணினிப் பயிற்சியும் ஆகும்.

கடைசிப் படியில், மூட இயலாத கட்டத்தில், ‘சரி’ என்னும் ஒற்றைப் பொத்தானை வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தமிழில் ‘சரி’ என்பது உடன்பாடாகவும் வரும். ‘கேட்டுக்கொண்டேன்’ என்னும் வெறும் குறிப்பாகவும் வரும். தொலைபேசியில் ‘சரி, சரி’ என்பவர் எல்லாவற்றிற்கும் உடன்படுவதில்லை. பயனர் ‘கேட்டுக்கொண்டேன்’ என்னும் பொருளில் அழுத்த, கணினி ‘உடன்பட்டார்’ என்று கொண்டு அக்கணமே மறுதொடங்கினால், பாதியில் நின்ற மதிப்பெண் பட்டியலை மீட்டுத்தர யாராலும் இயலாது. அப்பொத்தானின் மேல் ‘சேமித்துவிட்டேன், இப்போதே மறுதொடங்கு’ என்று எழுதிவிடலாம். இடம் சற்றுக் கூடுதலாகத்தான் பிடிக்கும்.